சிவப்பு அட்டையும் சம்பந்தியம்மாவும்

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மிர்த்தா கேட்ட கேள்வி இன்னும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு உன் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட யார் கூட்டிட்டுப் போறது?" அவ்வளவுதான் கேட்டாள். மகள் யதீரா தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து கறியை வெட்டிக்கொண்டிருந்த எலிசெயோ கத்தியைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை.

எலிசெயோ மிர்த்தாவின் அண்ணன். யதீராவுக்கு நாலு வயதிருக்கும்போது அவள் அப்பா ஓஸ்வால்டோ, பென்சில்வேனியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பிப் போனான். வேலையோடு இன்னொரு குடும்பமும் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தது, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தன் வண்டியின் பக்கவாட்டைப் பறிகொடுத்தது எல்லாம் மாமாதான். ஆர்லாண்டோ விமான நிலையத்தில் பஸ் ஓட்டுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரமில்ல" என்பார்.

ஆக, அது கேட்கவே தேவையில்லாத கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை என்பதுதான் மிர்த்தாவைக் குடைந்துகொண்டிருந்தது.

அந்தக் குடைச்சலோடுதான் அவள் இன்று பெலிக்கன் பார்க் வாசலில் நின்றாள். சம்பந்தி வீட்டாருக்கு இங்கே கடைசி நாள். நாளைக் காலை விமானத்தில் மினசோட்டா திரும்புகிறார்கள். "கடைசி நாள் ரெண்டு குடும்பமும் சேர்ந்து தீம் பார்க் போகலாம், ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது சம்பந்தியம்மா மார்கிட்.

ஏற்பாடு என்றால் மார்கிட்தான். ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மணிக்கு அறுவை சிகிச்சை என்று அட்டவணை போடுகிறவள். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. அவள் கணவர் வெர்ன் எப்போது தொப்பி போடவேண்டும் என்பதுகூட அவள் செல்போனில் மணியடிக்கும்.

"முதல்ல சூறாவளிக் கண் ரோலர் கோஸ்டர்," என்றாள் மார்கிட், செல்போனைப் பார்த்தபடி. "ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள போகணும். அஞ்சு பேருக்கு முன்பதிவு. நான், வெர்ன், ஆண்டர்ஸ், யதீரா, மிர்த்தா."

ஆறாவது ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வெயிலிலும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் மிர்த்தா மாவுக்குள் கறி அடைத்துப் பொரித்துக் கொடுத்த பாஸ்தெலியோ பொட்டலம்.

மார்கிட்டின் முகம் சிவந்தது. "ஐயோ, மன்னிச்சுக்கங்க எலிசெயோ. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு குடும்பத்தையும் எண்ணித்தான் போட்டேன்."

"எங்க குடும்பத்தை யார் எண்ணிச் சொன்னாங்க?" என்றாள் மிர்த்தா.

"அம்மா..." என்றாள் யதீரா.

"கேக்கறேன், அவ்வளவுதான். தெரிஞ்சுக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை ஆண்டர்ஸ் நல்ல பையன். அவசர அவசரமாகத் தன் செல்போனைத் தட்டிப் பார்த்தான். "இன்னும் ஒரு இடம் கிடைக்குமான்னு பாக்கறேன் அத்தை... இல்ல. எல்லாம் போயிடுச்சு."

"விடுங்கப்பா. நான் பொது வரிசையில வர்றேன்," என்றார் எலிசெயோ. "நீங்க போங்க. அந்தப் பக்கம் எறங்கும்போது பாத்துக்கலாம்."

பொது வரிசை வாசலுக்கு மேல் பலகையில் எழுபத்தைந்து நிமிடம் என்று எரிந்துகொண்டிருந்தது. எலிசெயோவின் இடது முட்டி எழுபத்தைந்து நிமிடம் தாங்குமா என்பது மிர்த்தாவுக்குத் தெரியும். தாங்காது.

"நானும் உன்னோட வர்றேன் அண்ணே," என்றாள்.

"உங்க பேர்ல இடம் இருக்கே!" மார்கிட்டின் குரல் உயர்ந்தது. "மூணு வாரம் முன்னால, காலைல ஏழு மணிக்கு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்து எடுத்தது. வீணாப் போயிடும்."

"போகட்டும்."

அந்த ஒரு சொல்லில் சம்பந்தியம்மாவின் வாய் அடைத்துப்போனது. மிர்த்தாவுக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதை அவள் மறைக்க முயலவில்லை.

*

பொது வரிசையின் நுழைவாயிலில் க்ளெண்டா என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு வெள்ளைமுடிக்காரி, கையில் ஒரு சிவப்பு அட்டையோடு நின்றாள். கயிறு கட்டிய அட்டை. மிர்த்தா நெருங்கியதும் அதை ஒரு கருவியில் காட்டிவிட்டு நீட்டினாள்.

"கொஞ்சம் உதவி பண்றீங்களா? இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, வண்டி ஏறுற மேடைக்குப் போனதும் அங்க இருக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க. வரிசை எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு இதை வச்சுத்தான் வெளியில பலகையில போடறோம். அட்டை வந்து சேர்ற வரைக்கும் பலகை ஏறிக்கிட்டே இருக்கும். அதனால நடுவுல வரிசையை விட்டு மட்டும் போயிடாதீங்க."

"நான் எங்கயும் போறதா இல்ல," என்றாள் மிர்த்தா. அட்டையை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

வரிசை கூரைக்குக் கீழே வளைந்து வளைந்து போனது. எள் விழ இடமில்லை. பக்கத்திலேயே, இடுப்புயரக் கம்பிக்கு அந்தப் பக்கம் முன்பதிவுக்காரர்களின் பாதை காலியாகக் கிடந்தது. நாலு பேர், அஞ்சு பேராக வந்தார்கள், விறுவிறுவென்று போனார்கள். போகிறவர்கள் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே செய்வதில்லை.

எலிசெயோ சுவரோரத் திட்டில் பாதி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். முன்னால் நின்ற தம்பதிக்கு ஆளுக்கு ஒன்று, பின்னால் நின்ற மூன்று கல்லூரிப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று. தனக்குக் கடைசியாக உடைந்தது ஒன்று.

"எப்பவும் உடைஞ்சதே உனக்கு," என்றாள் மிர்த்தா எரிச்சலோடு.

"உடைஞ்சதுலதான் கறி வெளியில தெரியும்."

கம்பிக்கு அந்தப் பக்கம் நிழல் விழுந்தது. மார்கிட். அவளுடைய ஒரு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. அதுவரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"மிர்த்தா, நான் சண்டை போட வரலை. எனக்குப் புரியணும், அவ்வளவுதான். உங்களுக்காக ஒருத்தர் எடுத்து வச்ச இடத்தை ஏன் வேண்டாம்னு சொல்றீங்க?"

"எல்லாருக்கும் இல்லாத இடம் எனக்கு எதுக்கு?"

"எல்லாருக்கும் கிடைக்குமே. காலைல ஏழு மணிக்கு எழுந்து உக்காந்தாப் போதும். யார் வேணா உக்காரலாம்."

"ஏழு மணிக்கு நான் எங்க இருப்பேன் தெரியுமா?" மிர்த்தா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்கூல் கேன்டீன்ல முந்நூறு பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு எடுத்து வச்சிட்டிருப்பேன். போன் பெட்டியில பூட்டி இருக்கும். அண்ணன் பஸ் ஓட்டிட்டிருப்பாரு. ஏழு மணிக்கு உக்கார முடிஞ்சவங்க உக்கார்றாங்க. எங்களால முடிஞ்சது இங்க வந்து நிக்கறதுதான். அதனால நிக்கறோம்."

பின்னால் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கைதட்டினாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள்.

மார்கிட் பின்வாங்கவில்லை. அதை மிர்த்தா ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தம்மாள் வெயிலில், பொட்டுப் பொட்டாக வியர்த்துக்கொண்டு, அதே இடத்தில் நின்றாள்.

"எங்க வீட்டுல ஒன்பது பிள்ளைங்க," என்றாள். "நான் எட்டாவது. சாப்பாட்டுக்கு வரிசையில நிப்போம். என் முறை வரும்போது பாத்திரத்துல கரண்டி இடிக்கிற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. நின்னா கிடைக்கும்னு யாரோ சொல்லுவாங்க, நம்பாதீங்க. நின்னாக் கிடைக்காது. அதனால வளந்தப்புறம் நான் எதுக்கும் நிக்கறதில்ல. எனக்கும் நிக்க மாட்டேன், என்னைச் சேர்ந்தவங்களையும் நிக்க விடமாட்டேன்."

மிர்த்தா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். இந்தப் பெண்ணை வெறுப்பது இத்தனை நாள் சுலபமாக இருந்தது.

எலிசெயோதான் பேசினார். "அம்மா, உங்க வீட்டுல வரிசை தப்பில்ல. சோறு பத்தலை."

மார்கிட் அவரைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

*

கொஞ்ச நேரத்தில் யதீரா வந்தாள். மார்கிட் அனுப்பினாளோ, தானாகவே வந்தாளோ, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. நேராகக் கம்பிக்குக் கீழே குனிந்து உள்ளே நுழையப் போனாள்.

எலிசெயோ கையை நீட்டித் தடுத்தார்.

"என்ன மாமா?"

"பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாரு. நடுவுல நுழையக் கூடாது. வரிசை அங்க ஆரம்பிக்குது."

"நான் ரைடுக்கு வரலை. உங்ககிட்ட பேசத்தான் வந்தேன்."

"பேசறதுன்னாலும் அங்கேருந்து வா."

கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணை, ஊரே பார்க்க, ஆறு வயதுப் பிள்ளையைப் போலத் திருப்பி அனுப்புகிறார். மிர்த்தாவுக்கே, போனால் போகிறது, விடேன் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தி, மாமாவை முறைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். கடைசியில் போய் நின்றாள்.

"பெரிய நீதிபதி!" என்றாள் மிர்த்தா.

"அவ வர்ற வரைக்கும் நாம இங்கயே நிப்போம்," என்றார் எலிசெயோ. "பின்னால இருக்கறவங்களை முன்னால விட்டுடுவோம். அதுல யாருக்கும் நஷ்டமில்ல."

அப்படித்தான் செய்தார்கள். "போங்க, போங்க, எங்க பொண்ணு வர்றா" என்று கல்லூரிப் பெண்களை விட்டார்கள். அடுத்து ஒரு பெரிய குடும்பத்தை விட்டார்கள். பிறகு ஒரே மாதிரி சட்டை போட்ட ஒரு சர்ச் கூட்டம் முழுவதையும் விட்டார்கள். எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மிர்த்தாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சட்டைக்குள் சிவப்பு அட்டை ஒன்று தொங்குவது மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பாதி வழியில் யதீரா வந்துகொண்டிருந்தபோது வானம் இடித்தது.

பிற்பகல் இடி இங்கே யாருக்கும் புதிதில்லை. ரைடை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். மழை ஓவென்று கொட்டியது. காத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, இனி இது ஓடாது என்று கலைந்து போனார்கள். முன்பதிவுக்காரர்களையும் வெளியே அனுப்பினார்கள். ரைடு ஓட ஆரம்பித்ததும் வாருங்கள் என்று.

ஆட்கள் கலையக் கலைய வரிசை முன்னால் நகர்ந்தது. யதீரா வந்து சேர்ந்தாள். முறைப்படி, பின்னாலிருந்து.

"இப்பப் பேசலாமா?" என்றாள் மாமாவிடம். குரலில் குத்தல் இருந்தது.

"பேசு."

அவள் திட்டில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மோதிரத்தைத் திருகினாள். "ஆண்டர்ஸோட அம்மா, அப்பாவுக்கு போன் பண்ணியிருக்காங்க."

"எந்த அப்பாவுக்கு?" மிர்த்தா நிஜமாகவே புரியாமல் கேட்டாள். கேட்டு முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு. பொண்ணுக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கும்போது அவருக்குத்தானே அந்த இடம்னு நெனச்சு அவங்க ஏற்பாடு பண்ணிட்டாங்க. எனக்குப் போன வாரம்தான் தெரியும்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை."

"வேண்டாம்னு சொல்ல வாய் வரலியா உனக்கு?"

"வரலைம்மா!" யதீரா கத்தினாள். "சின்ன வயசுல ஒவ்வொரு பர்த்டேக்கும் ஜன்னல்ல நின்னேன், வருவாருன்னு. இப்ப வர்றேன்னு சொல்றாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நீ சொல்லு, எப்படிச் சொல்றது?"

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மிர்த்தா அண்ணனைப் பார்த்தாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். "பரவாயில்லம்மா, உன் இஷ்டம்" என்பார். உடைந்ததை எடுத்துக்கொள்வார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பரவாயில்லைன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்காத," என்றார் எலிசெயோ.

யதீரா நிமிர்ந்தாள்.

"எனக்கு அது பரவாயில்லைன்னு இல்ல. வலிக்குது. உனக்கு அம்மை போட்டப்ப, உன் பள்ளிக்கூடத்துல அப்பாக்கள் தினம்னு கூப்பிட்டப்ப, உனக்கு வேலை போனப்ப, எல்லாத்துக்கும் நான்தான் நின்னேன். யாரும் நிக்கச் சொல்லலை. எனக்கு நிக்கப் புடிச்சிருந்துச்சு. ஆனா நின்னது நின்னதுதான். இப்ப என் முறை வருது. ஒருத்தன் பக்கத்துப் பாதையில விறுவிறுன்னு வந்து எனக்கு முன்னால ஏறிக்கிட்டா, நான் சிரிச்சிட்டுக் கையாட்ட மாட்டேன். முடிவு உன்னோடது. நீ அவரைக் கூப்பிட்டா நான் கல்யாணத்துக்கு வருவேன், கேக் சாப்பிடுவேன். ஆனா எனக்குச் சந்தோஷம்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி மிர்த்தா கேட்டதே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகை இல்லை அது. எழுந்து நின்று கத்தவேண்டும் போல ஒரு வேகம். இருபது வருஷமாக இந்த மனுஷன் இதைச் சொல்லமாட்டானா என்று அல்லவா அவள் காத்திருந்தாள்!

யதீரா கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

*

மழை விட்டது. ரைடு மறுபடி ஓடத் தொடங்கி, மிச்சமிருந்தவர்களும் முன்னால் போய்விட்டார்கள். யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது.

க்ளெண்டா. மூச்சு வாங்கியது. "சிவப்பு அட்டை! சிவப்பு அட்டை யார்கிட்ட இருக்கு?"

மிர்த்தா சட்டைக்குள் கையை விட்டாள். முகம் வெளிறிப்போனது.

"ஐயோ கடவுளே, நீங்களா! இவ்வளவு நேரமா இங்கயா நிக்கறீங்க?"

"எங்க பொண்ணு வர்ற வரைக்கும் எல்லாரையும் முன்னால விட்டோம்..."

"எல்லாரையுமா?" க்ளெண்டா நெஞ்சில் கை வைத்தாள். "வெளியில பலகை என்ன காட்டுது தெரியுமா? நூத்தி எண்பத்தஞ்சு! அதைப் பாத்துட்டு ஒரு ஆள் உள்ள வரலை. அத்தனை பேரும் முன்பதிவுப் பக்கம் நிக்கறாங்க, வாசலைத் தாண்டி ஐஸ்கிரீம் கடை வரைக்கும்!"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். பொது வரிசையில், முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும், கம்பிகள்தான் இருந்தன. ஆள் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் பாதையில், நனைந்த பிளாஸ்டிக் கோட்டுகளோடு நூற்றுக்கணக்கானவர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் வரவேண்டியவர்கள், இப்போது வரவேண்டியவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில்.

எலிசெயோ முதலில் சிரித்தார். பிறகு யதீரா. மிர்த்தா சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

"தயவு பண்ணி நடங்க!" என்றாள் க்ளெண்டா. "ஓடுங்க! அட்டையைக் கொண்டு போய்க் குடுங்க!"

எலிசெயோவின் முட்டிக்கு எது ஓட்டமோ அந்த ஓட்டம் ஓடினார்கள். மேடையில் மிர்த்தா அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அங்கே இருந்தவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வரிசையும் சேருமிடம் அது. "எத்தனை பேர்?"

"மூணு."

"ரெண்டு ரெண்டாத்தான் உக்காரணும்."

மிர்த்தா மகளைப் பார்த்தாள். யதீரா யோசிக்கவே இல்லை. மாமாவின் கையைப் பிடித்து முன் இருக்கைக்கு இழுத்துப் போனாள்.

"பின்னால தனியா ஒருத்தர். முன்பதிவுலேர்ந்து ஒருத்தர் வாங்க," என்று கூப்பிட்டார் மேடைக்காரர்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தது மார்கிட். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தடுப்புக் கம்பி இருவர் மடியிலும் ஒன்றாக இறங்கியது. இனி இறங்கிப் போகவும் வழியில்லை.

வண்டி கடகடவென்று மேலே ஏறத் தொடங்கியது.

"ஓஸ்வால்டோவுக்கு போன் பண்ணீங்களாமே," என்றாள் மிர்த்தா, நேராகப் பார்த்தபடி.

மார்கிட் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "பண்ணேன். ஒரு பொண்ணு கல்யாணத்துல அப்பா இல்லாம நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். யாரும் அவரைக் கூப்பிடலையேன்னு நெனச்சேன். கூப்பிட்டேன், உடனே வர்றேன்னாரு."

"கூப்பிட்டா வர்றவரு, கூப்பிடாதப்ப எங்க இருந்தாருன்னு கேட்டீங்களா?"

வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. கீழே ஏரி, கார் நிறுத்துமிடம், நனைந்த ஊர் எல்லாம் சின்னதாகிக்கொண்டிருந்தன. முன் இருக்கையில் எலிசெயோவின் வழுக்கையும் யதீராவின் கொண்டையும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மார்கிட் அந்த இரண்டு தலைகளையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேக்கலை," என்றாள் கடைசியில். "கேட்டிருக்கணும். மிர்த்தா, இன்னொண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க."

"என்ன?"

"கல்யாணம் வரைக்கும் எதுக்குன்னு... இன்னிக்கே வரச் சொல்லியிருக்கேன். அவளுக்குத் தெரியாம, ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு. இப்ப அவரு கீழ—"

வண்டி உச்சியிலிருந்து விழுந்தது. மிர்த்தா கத்தினாள். அது பயத்தில் வந்த கத்தல் இல்லை என்பது மார்கிட்டுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

*

வெளியேறும் பாதையின் முடிவில் அவன் நின்றான்.

தலை நரைத்திருந்தது. தொப்பை வைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு, எதையும் மன்னிக்க வைத்துவிடலாம் என்று நினைக்கும் சிரிப்பு. கையில் மஞ்சள் ரோஜாப் பூங்கொத்து. கழுத்தில் முன்பதிவுக்காரர்களின் நீலப் பட்டை.

யதீரா நின்றுவிட்டாள். அவளுடைய கை எலிசெயோவின் முழங்கையில் இருந்தது.

"என் கண்ணே," என்றான் ஓஸ்வால்டோ. "எவ்வளவு வளந்துட்ட!"

கடைசியாகப் பார்த்தபோது நாலு வயது. வளராமல் என்ன செய்வாள் என்று மிர்த்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயைத் திறந்தாள். எலிசெயோ அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நேரா உள்ள விட்டுட்டாங்க," என்றான் ஓஸ்வால்டோ உற்சாகமாக. "இவங்க எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அடுத்த ரைடுக்கு உனக்கும் எனக்கும் சேத்துப் பதிவு பண்ணியிருக்கு. நிக்கவே வேண்டாம். வா, போலாம்." கல்யாணத்தில் நீட்டுவது போல வளைத்துக் கையை நீட்டினான்.

மார்கிட் கண்ணை மூடிக்கொண்டாள். போட்ட அட்டவணையெல்லாம் சரியாக நடந்தும் ஒரு மனுஷி இவ்வளவு அவமானப்பட முடியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

யதீரா பூக்களைப் பார்த்தாள். நீலப் பட்டையைப் பார்த்தாள். நீட்டிய கையை ரொம்ப நேரம் பார்த்தாள். ஜன்னலில் நின்ற அந்தச் சின்னப் பெண் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றே மிர்த்தா நினைத்தாள்.

"இல்லப்பா," என்றாள் யதீரா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நடுவுல நுழையக் கூடாது. இன்னிக்கு என்னையே விடலை இவரு." பொது வரிசையின் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "வரிசை அங்க ஆரம்பிக்குது."

ஓஸ்வால்டோ சிரித்தான். யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தான். பின்னாலேயே இறங்கி வந்திருந்த வெர்ன்கூடச் சிரிக்கவில்லை.

"சரி," என்றான், கையை மெல்ல இறக்கி. "நிக்கறேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

"பலகையை நம்பாத," என்றாள் மிர்த்தா. "அதைக் கெடுத்தது நான்தான். எவ்வளவு நேரம்னு நின்னுதான் தெரிஞ்சுக்கணும்."

அவன் திரும்பி நடந்தான். ஐஸ்கிரீம் கடையருகே பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் பொது வரிசையின் வாசல். இடது பக்கம் போனால் கார் நிறுத்துமிடம். பூங்கொத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி அவன் அந்தப் பிரிவில் போய் நின்றான்.

மிர்த்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று தன் மனசு ஆசைப்படுகிறது என்பது அவளுக்கே தெரியவில்லை. மார்கிட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்று, அதே திசையில் பார்த்தாள்.

யதீரா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாமாவின் கையைத் தன் கைக்குள் இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டு, "முட்டி ரொம்ப வலிக்குதா மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது," என்றார் எலிசெயோ. "மெதுவா நட."